பெரட்டுக்களம் வரைக்கும்

ஊசிமலைத் தோட்டம்,
கந்தப்பளை.
3.2.1963

கொத்மலை கல்லாற்றுத் தோட்டத்துப் பெரிய கங்காணி, இப்போ கட்டில் மகாராசா, பொன்னையா அண்ணனுக்கு,

உங்க கூடப்பொறந்த தங்கச்சி நாகலெட்சுமி எழுதிக்கிறது. ரெண்டாங் கிளாசோட நின்னவ எழுத்து கோழி கிண்டின மாதிரிதான் இருக்கும், கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் படிங்க. அஞ்சு வருசமா உங்களுக்கு ஒரு வரி எழுதினதில்ல. எழுதுறதாவும் இல்ல. எங்க வீட்டுக்காரர் செத்த அன்னைக்கு, குடிச்சு வெறியில விழுந்து செத்தான்னு அத்தனை பேர் முன்னால சொன்னீங்களே, அதுக்கப்புறம் உங்க மூஞ்சியில முழிக்கக்கூடாதுன்னுதான் மக ராசம்மாவக் கூட்டிக்கிட்டு இங்க வந்தேன். அதுல மாத்தமில்ல.

ஆனா போன ஞாயித்துக்கெழம உங்க சம்சாரம் பூரணி மதினி ரெண்டு பஸ் மாறி வந்து நான் குடியிருக்கிற லயத்துக் காம்பரா வாசல்ல நின்னாங்க. ஆளு பாதியா இருக்காங்க. மீதிப் பாதிய நீங்க தின்னுட்டீங்க போல. சோறு போட்டு வச்சேன். தட்டுக்கிட்ட கையக் கொண்டு போயிட்டு எடுத்துட்டாங்க. என்ன மதினின்னேன். "கையில இன்னும் அந்த வாடை இருக்கு நாகு. எத்தனை சவுக்காரம் போட்டாலும் போகல"ங்கிறாங்க. கரண்டியக் குடுத்துச் சாப்பிட வச்சேன்.

அப்புறந்தான் சங்கதி தெரிஞ்சுது. நெஞ்சுவலி வந்து நுவரெலியா ஆஸ்பத்திரியில கெடந்தீங்களாம். ஆறு வாரம் அசையாம இருக்கச் சொன்னாங்களாம். சரி. அதுக்கப்புறம் டாக்டர், எழும்பி நட, தெனமும் நட, நடந்தாத்தான் நெஞ்சு தேறும்னு சொல்லி அனுப்பினாராம். அது ஆச்சு மூணு மாசம். இன்னும் நீங்க கால தரையில வைக்கலயாம். சோறும் கட்டில்ல, மலச்சட்டியும் கட்டில்ல. துப்புறதுக்குக்கூட தலையத் திருப்ப மாட்டீங்களாம், படிக்கத்த வாய்க்கிட்ட நீட்டணுமாம். முதுகுல புண்ணு வேற.

சீ! துரைக்குக்கூட பங்களாவுல வேலை செய்யிற அப்பு டீத்தண்ணிதான் தூக்குறான், சட்டி தூக்குறதில்ல. நீங்க துரைக்கும் மேல போயிட்டீங்க.

உங்களுக்கு என்னதான் பயம்? ஒரு வரி எழுதுங்க. எனக்காக இல்ல, மதினிக்காகக் கேக்குறேன்.

நாகலெட்சுமி


கல்லாற்றுத் தோட்டம்,
கொத்மலை.
14.2.1963

சௌபாக்கியவதி தங்கச்சி நாகலெட்சுமிக்கு அண்ணன் பொன்னையா கங்காணி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது.

உன் கடிதம் கிடைத்துச் சங்கதி அறிந்தேன். வீட்டு விசயத்தை வெளியில் கொண்டுபோனதற்குப் பூரணியைக் கண்டித்திருக்கிறேன். நோயாளி மனுசனைக் கேலி பண்ணி எழுதுவது உனக்கு அழகில்லை. சின்ன வயதிலிருந்தே உனக்கு வாய் அதிகம்.

அந்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நடந்தால் இருதயம் பலப்படும் என்கிறார். முப்பத்து நாலு வருசம் மலை ஏறி இறங்கினவனுக்கு நடை சொல்லிக் கொடுக்கிறார். நடைதான் மருந்து என்றால் எனக்கு ஏன் இந்த நெஞ்சு வருத்தம் வரவேண்டும்? ஏறி ஏறித்தான் என் இருதயம் தேய்ந்தது. தேய்ந்த சாமானைச் சும்மா வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். இது யாருக்கும் விளங்கும்.

நெஞ்சில் வலி உள்ள மனுசன் மலை ஏறினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். பதினாலு தேயிலை நிரை ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. அதைப் பார்த்தவனுக்கு எந்த டாக்டரும் புத்தி சொல்லத் தேவையில்லை.

மருமகள் ராசம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும். படுத்துக்கொண்டே எழுதுவதால் கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

பொன்னையா


கந்தப்பளை
22.2.1963

அண்ணனுக்கு,

சௌபாக்கியவதின்னு எழுதியிருக்கீங்க. தாலியில்லாத கழுத்துக்காரிக்கு. பழக்க தோசத்துல கை எழுதிடுச்சுன்னு சொல்வீங்க. அந்த வார்த்தையக் கத்தியால சொரண்டி எடுத்துட்டுத்தான் மிச்சத்தப் படிச்சேன்.

முப்பத்து நாலு வருசம் மலை ஏறினீங்களா? யாருகிட்டண்ணே அளக்குறீங்க? முதல் இருவது வருசம் ஏறினீங்க, அப்போ கல்லு மாதிரி இருந்தீங்க, ஒரு தும்மல்கூட வந்ததில்ல. பெரிய கங்காணி ஆனதுக்கப்புறம் எங்க ஏறினீங்க? கொழுந்து லொறியில டிரைவர் பக்கத்துல உக்காந்து வருவீங்க. மேட்டுல எறங்கி குடைய ஊனிக்கிட்டு நிப்பீங்க. சாயந்தரம் திரும்ப லொறி. வயிறுதான் மலை மாதிரி ஏறுச்சு.

இங்க எங்க தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற அம்பலவாணர் ஐயா இருக்காரு, யாழ்ப்பாணத்து ஆளு. இருமலுக்கு மருந்து வாங்கப் போனப்போ உங்க கதையச் சொன்னேன். மூக்குக்கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு அவர் சொன்னத அப்படியே எழுதுறேன்: "பிள்ளை, இருதயம் எண்டதும் தசைதான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுறவன்ர கை மாதிரி. வேலை குடுத்தா இறுகும், சும்மா கிடந்தாச் சோரும். நெஞ்சு வருத்தம் வரேக்கை நிக்கவேணும். வருத்தம் இல்லாத நேரம் நாளுக்கு நாள் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டி நடக்கவேணும். ரெண்டையும் மாத்திச் செய்தா ஆள் முடிஞ்சுது."

இது இருக்கட்டும். பதினாலு நிரைன்னு எழுதியிருக்கீங்களே, அது யாரு?

எங்க வீட்டுக்காரர் நின்ன எடத்துலயே வெறியில விழுந்தாருன்னுதானே எனக்குச் சொன்னீங்க? துரைகிட்டயும் அதையேதான் சொன்னீங்க. மறுநாள் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல அத்தனை ஆளுக்கு முன்னாலயும் அதையேதான் சொன்னீங்க. இங்க வந்து அஞ்சு வருசம் ஆகியும் நான் குடிகாரன் பொண்டாட்டிதான். போன ஆவணியில ராசம்மாவப் பொண்ணு கேட்டு உடப்புசல்லாவையிலேர்ந்து வந்தவங்க, டீத்தண்ணியப் பாதி குடிச்சு வச்சுட்டு எழும்பிப் போனாங்க. "கவ்வாத்து மலையில குடிச்சு விழுந்தவரு மகளா?"ன்னு ஒரு கேள்விதான் கேட்டாங்க.

நின்ன எடத்துல விழுந்தவரு எப்படிண்ணே பதினாலு நிரை ஏறினாரு?

எழுதுங்க. கை வலிச்சா நிறுத்தி நிறுத்தி எழுதுங்க. ஆனா எழுதுங்க.

நாகலெட்சுமி


கொத்மலை
25.3.1963

நாகலெட்சுமிக்கு,

ஒரு மாதமாக மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

செல்லசாமி மாப்பிள்ளை குடித்திருக்கவில்லை.

அன்றைக்கு மேல்மலையில் கவ்வாத்து. நான் மேட்டுப் பாதையில் நின்றேன். அவர் கீழே தேயிலையை வெட்டிக்கொண்டிருந்தார். பத்து மணி இருக்கும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், நெஞ்சு என்னமோ பண்ணுது, நான் லயத்துக்குப் போகட்டா?" என்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். எங்கள் தோட்டத்து முறை உனக்குத் தெரியும். லீவு கேட்கிற ஆள் ஏறி வந்து கங்காணி முன்னால் நின்று கேட்க வேண்டும். கங்காணி இறங்கக் கூடாது, கீழே இருந்து கத்துகிறவனுக்குப் பதில் சொல்லக் கூடாது. எனக்கு முந்தின கங்காணியும் அப்படித்தான். சொந்தக்காரனுக்கு இடம் கொடுக்கிறான் என்று பேர் வந்துவிடும் என்று நினைத்தேன். "ஏறி வந்து கேளு" என்றேன்.

நாலு நிரை ஏறி உட்கார்ந்துவிட்டார். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு ஏறினார். நின்று நின்று ஏறினார். முகம் சாம்பல் மாதிரி இருந்தது. என் காலடிக்கு வந்ததும் என் சப்பாத்தின் மேல் வாந்தி எடுத்தார். அப்படியே சாய்ந்தார். வாந்தியில் சாராய வாடை ஒன்றும் இல்லை. காலையில் தின்ற ரொட்டிதான். எனக்கு முதலில் வந்தது கோபம், சப்பாத்து கெட்டுப்போச்சே என்று.

துரை வந்து, ஏன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை என்று கேட்டார். குடித்திருந்தான் துரை என்றேன். வாய் தானாகச் சொன்னது. ஒரு தரம் சொன்னதை மறுநாள் பெரட்டிலும் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது டாக்டர் நடக்கச் சொல்லும்போதெல்லாம் அந்தச் சாம்பல் முகம்தான் முன்னால் வருகிறது. காலைத் தரையில் வைத்தால் நானும் அப்படித்தான் சாய்வேன். சாகப் பயம். இன்னொன்றும் உண்டு. இந்த நாற்றத்தில் கிடப்பதே எனக்குத் தண்டனை என்று விட்டுவிட்டேன். எனக்கு இதுதான் தகும்.

பொன்னையா


கந்தப்பளை
2.5.1963

அண்ணனுக்கு,

உங்க கடுதாசியப் படிச்சுட்டு, தண்ணி புடிக்கிற பீலிக்கரைக்குப் போயி வாந்தி எடுத்தேன். ராசம்மா தலையப் புடிச்சுக்கிட்டா. அவளுக்கும் படிச்சுக் காட்டினேன். அவ போயி அவங்க அப்பா படத்தத் துடைச்சா. ரெண்டு நாள் துடைச்சுக்கிட்டே இருந்தா.

ஒரு மாசமா இதுக்குப் பதில் எழுதணுமான்னு யோசிச்சேன். உங்க எழுத்தப் பார்த்தாலே புழு ஊர்ற மாதிரி இருக்கு. ஆனா ஒரு எடத்துல மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. தண்டனைன்னு எழுதியிருக்கீங்களே, அங்க. உங்க தண்டனையத் தெனம் ரெண்டு வேளை பூரணி மதினியில்ல அள்ளிக் கொட்டுறாங்க? நல்ல தண்டனைதான் போங்க. நீங்க படுத்திருக்கீங்க, அவங்க அனுபவிக்கிறாங்க.

அம்பலவாணர் ஐயா என்ன சொன்னாரு? வலிக்கும்போது நிக்கணும், வலிக்காதப்போ நடக்கணும். மாத்திச் செஞ்சா ஆள் முடிஞ்சுது. நீங்க ரெண்டையும் மாத்தித்தான் செஞ்சீங்க. வலிச்சவர ஏற வச்சீங்க. இப்போ வலி இல்லாத நீங்க படுத்துக் கெடக்குறீங்க. அவர் முகத்தக் காட்டி உங்க சோம்பலுக்குச் சாக்குச் சொல்லாதீங்க. அந்த முகம் என் சொத்து.

எனக்கு ஒண்ணு வேணும். எந்தப் பெரட்டுக்களத்துல அவரக் குடிகாரன்னு சொன்னீங்களோ, அதே பெரட்டுக்களத்துல காலையில ஆறு மணிக்கு ஆளுக எல்லாம் கூடி நிக்கும்போது போயி நின்னு, செல்லசாமி குடிக்கலன்னு உங்க வாயால சொல்லணும். உங்க வீட்டுலேர்ந்து அது முக்கா மைல், அதுல பாதி மேடு. இப்போ இருக்கிற நெஞ்ச வச்சுக்கிட்டுப் போனா நடுவழியில சாய்ஞ்சுடுவீங்க, சொல்ல வேண்டியத யாரு சொல்றது? அதனாலதான் நடக்கச் சொல்றேன். உங்க மேல உள்ள பாசத்துலன்னு நெனச்சுக்காதீங்க.

இனிமே நான்தான் உங்களுக்குக் கங்காணி. இந்தாங்க வேலை. முதல் வாரம் கட்டில்லேர்ந்து கதவு வரைக்கும், காலையும் சாயந்தரமும். சட்டிக்கு நீங்களே போகணும், அதுவும் நடைதான். அடுத்த வாரம் பீலி. அப்புறம் வேலைக்குப் போறவங்க கைப்பிள்ளைய விட்டுட்டுப் போற பிள்ளைக்காம்பரா. அப்புறம் மாரியம்மன் கோயில். மூச்சு வாங்கினா நில்லுங்க, வலிச்சா உக்காருங்க. யாருகிட்டயும் ஏறி வந்து கேக்க வேண்டியதில்ல. ஒரு நாளும் விடக்கூடாது. மழைன்னு சொன்னீங்கன்னா உங்க குடை எங்க போச்சுன்னு கேப்பேன்.

நாகலெட்சுமி


கொத்மலை
30.6.1963

நாகலெட்சுமிக்கு,

நீ சொன்னபடி செய்கிறேன். முதல் நாள் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டுப் பார்த்தேன். என் கால் என்று நம்ப முடியவில்லை. வெளுத்துத் தொளதொளவென்று உரித்த கோழி மாதிரி. கதவுக்குப் போய் வர இதயம் பறை அடித்தது. செத்தேன் என்றுதான் நினைத்தேன். நின்றேன். அடங்கியது. மறுநாள் அவ்வளவு அடிக்கவில்லை. அதற்கு மறுநாள் இன்னும் குறைந்தது.

பீலிக்குப் போன அன்று தண்ணீர் பிடிக்கிற பெண்கள் எல்லாம் பானையை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மீனம்மா என்கிற கொழுந்துக்காரி, "கங்காணி எங்க போறீங்க?" என்று கேட்டாள். சும்மா நடக்கிறேன் என்றேன். "சும்மாவா? கூலிக்குப் பேர் போடாமலா?" என்று சிரித்தாள். தோட்டத்தில் எவன் சும்மா நடப்பான்? பைத்தியம் பிடித்துவிட்டது என்று லயத்தில் பேச்சு. முதுகுப் புண் ஆறிவிட்டது. சட்டியை நானே கழுவுகிறேன். முதல் தரம் கழுவினபோது இரண்டு தரம் ஓங்கரித்தேன். ஆறு மாதத்துக்கு மேல் பூரணி இதை ஒரு வார்த்தை சொல்லாமல் செய்தாள்.

இப்போது கோயில் வரைக்கும் போகிறேன். பிள்ளைக்காம்பரா மேட்டில் ஒரு நாள் நெஞ்சு இறுக்கியது. உடனே மதகுக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கால்மணி நேரத்தில் விட்டது. நுவரெலியாவுக்குப் போய்க் காட்டினேன். டாக்டர் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, நன்றாகத் தேறியிருக்கிறது, வலித்தால் இதே மாதிரி உட்காருங்கள், விடாமல் நடங்கள் என்றார்.

ஒன்று கேட்கிறேன். அந்தத் துரை சீமைக்குப் போய்விட்டார். இருக்கிறவர் புதுத் துரை. அவருக்கு எல்லாவற்றையும் கடிதமாக எழுதிக் கொடுத்துவிட்டால் போதாதா? ஆளுகள் முன்னால் நிற்பதை நினைத்தாலே படபடக்கிறது. நோயாளி நெஞ்சுக்கு அது ஆகுமா?

பொன்னையா


கந்தப்பளை
6.7.1963

அண்ணனுக்கு,

கடுதாசியா? அவரக் குடிகாரன்னு கடுதாசியிலயா சொன்னீங்க?

படபடக்கட்டும். கோயில் மேடு ஏறுற நெஞ்சு இதுக்கு மட்டும் நோயாளி நெஞ்சா? இன்னும் ஒரு மாசம் நடங்க. அதுக்குள்ள உங்களுக்கு நெஞ்சு தேறும், வெக்கம் தேறுமான்னு எனக்குத் தெரியாது. மதினி கரண்டியில்லாமச் சாப்பிடுறாங்கன்னு எழுதியிருந்தாங்க. அதுக்கு மட்டும் சந்தோசம்.

நாகலெட்சுமி


கொத்மலை
12.8.1963

நாகலெட்சுமிக்கு,

இன்று காலை போனேன்.

ஐந்து மணிக்குப் புறப்பட்டேன், மெதுவாக ஏறுவதற்காக. மூன்று இடத்தில் நின்றேன். வலி வரவில்லை. பெரட்டுக்களத்துக்கு வந்தபோது ஆளுகள் வரிசையில் நின்றார்கள். புதுக் கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், மலை வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கையா பக்கத்தில் நின்றார். நான் போய் நடுவில் நின்றேன். "என்ன கங்காணி, வேலைக்கு நேரமாச்சு" என்றார் கண்டாக்கையா. ஒரு நிமிசம் ஐயா என்றேன்.

என்ன சொன்னேன் என்று அப்படியே எழுதுகிறேன். "என் தங்கச்சி புருசன் செல்லசாமி குடிச்சிருக்கல. நெஞ்சு வலிக்குதுன்னு ரெண்டு தரம் கேட்டாரு. நான் ஏறி வரச் சொன்னேன். ஏறி வந்து என் காலடியில செத்தாரு. குடிச்சிருந்தாருன்னு நான் சொன்னது பொய்." அவ்வளவுதான். நெஞ்சு அடித்தது, ஆனால் நின்றேன்.

ஏசுவார்கள் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அதே மலையில் கவ்வாத்து வெட்டின ஆண்டியப்பன் மட்டும் வரிசையை விட்டு வந்தார். என்னைப் பார்த்து, "எனக்குத் தெரியும் கங்காணி. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். பார்த்துட்டும் அஞ்சு வருசமா உங்களுக்குச் சலாம் போட்டேன். உங்களவிட என்னை நெனச்சாத்தான் எனக்கு அருவருப்பா இருக்கு" என்று சொல்லிக் கீழே காறித் துப்பினார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். அவர் பின்னாலேயே எல்லோரும் போனார்கள். நான் ஒருத்தன்தான் நின்றேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இனி உன்னை வந்து பார்க்கலாமா? உன் மனதில் இருப்பது போய்விட்டதா?

பொன்னையா


கந்தப்பளை
20.8.1963

அண்ணனுக்கு,

உங்க கடுதாசி வந்துச்சு. நம்பலாமா வேண்டாமான்னு இருந்தேன். நேத்து ஆண்டியப்பன் அண்ணனே பஸ் ஏறி வந்து, அத்தனையும் நெசம்னு சொல்லிட்டு, ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காமப் போனாரு. நான் தடுக்கல.

சாயந்தரம் கொழுந்த எடை போட்டுட்டு எல்லாரும் லயத்துக்கு வந்ததும், ராசம்மா வாசல்ல நின்னு உங்க கடுதாசியச் சத்தமாப் படிச்சா. எங்க அப்பாங்கிற வார்த்தைய அவ அஞ்சு வருசத்துக்கப்புறம் தலைய நிமித்திச் சொன்னா. ஒரு பொம்பளை வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு நின்னா. போன வருசம் என்னைய வெறிகாரன் பொண்டாட்டின்னு சொன்னவதான். கைய எடுத்துக்கிட்டேன். எடுத்துட்டு, நாளைக்குத் தேங்கா ஒண்ணு கடன் குடுடின்னு கேட்டேன். சிரிச்சுட்டா. வேற என்ன பண்றது?

மனசுல இருக்கிறது போயிடுச்சான்னு கேட்டீங்க. போகல. நீங்க சப்பாத்தப் பத்தி எழுதின அந்த வரி இருக்கே, சோத்துல கை வைக்கும்போதெல்லாம் அது வருது. உங்களப் பார்க்க வேணாம்னுதான் இப்போதைக்கு இருக்கு. வராதீங்க.

ஆனா பெரட்டுல சொல்லியாச்சு, நாகு கேட்டது முடிஞ்சுதுன்னு திரும்பப் போயி கட்டில்ல விழுந்துடாதீங்க. கொஞ்ச நாள் விட்டாலே சேர்த்தது கரையத் தொடங்கிடுமாம், அம்பலவாணர் ஐயா சொன்னாரு. தெனமும் நடங்க. மழையிலயும் நடங்க. சட்டி மட்டுமில்ல, மதினி சேலையையும் நீங்களே பீலிக்குத் தூக்கிட்டுப் போயித் துவைங்க, அதுவும் நெஞ்சுக்கு நல்லதுதான்.

உங்கள மன்னிக்கிறதுக்கு எனக்கு எத்தனை வருசம் ஆகும்னு எனக்கே தெரியல. பத்தாகலாம், பதினஞ்சாகலாம். அந்த நாளு வரும்போது நீங்க உசிரோட இருக்கணும்ணே.

நாகலெட்சுமி